பழைய பம்ப் ஷவர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பிரிட்டனில் பழைய வீடு வாங்கிக் குடிபோகிறவர்களிடம் முதலில் தகராறு செய்வது பெரும்பாலும் ஷவர்தான். திறந்தால் மாடியே அதிரும் சத்தம், தண்ணீரோ ஒழுகல். இல்லாவிட்டால் சத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளைக் கூப்பிட்டால் "பம்ப் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார். போயிருக்கலாம்தான். ஆனால் பல வீடுகளில் கோளாறு பம்புக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். ஷவர் தலையில் சுண்ணாம்பு, பாதி மூடிய வால்வு, டேங்கில் தண்ணீர் இல்லாமை, குழாயில் காற்று. இவை எதுவும் புது பம்பால் சரியாகாது. புது பம்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஸ்பானரைத் தொடவே வேண்டாம். இங்கிலாந்தில் 1985-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, வழக்கமான குறுகிய கால ஒப்பந்தங்களில், தண்ணீர், சுடுதண்ணீர் அமைப்புகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் வேலை. ஒரு சின்ன வீடியோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பின்னால் "சொல்லவே இல்லையே" என்பார்கள்.

மற்றவர்கள் வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

பழைய பிரிட்டிஷ் வீடுகளில் லாஃப்ட்டில், அதாவது கூரைக்கடியில் உள்ள பரணில், ஒரு குளிர்தண்ணீர் டேங்க் இருக்கும். மாடி அலமாரி ஒன்றில், ஏரிங் கப்போர்டு என்பார்கள், செம்பு சிலிண்டர் ஒன்று இருக்கும். டேங்க் தண்ணீர் தன் எடையால் இறங்கி சிலிண்டருக்குள் போய், மேலேயுள்ள சுடுதண்ணீரைக் குழாய்க்குத் தள்ளும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் 1 பார் அழுத்தம் தரும். லாஃப்ட் டேங்குக்கும் ஷவர் தலைக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருந்தால் கிடைப்பது 0.15 பார். ஊரில் மொட்டை மாடி டேங்க் வைத்த வீட்டில், கீழ்த்தளக் குழாயில் வரும் வேகம் மேல்தளத்தில் வராதல்லவா, அதே சங்கதி. அதற்காகத்தான் இங்கே பம்ப்.

பம்ப் இரண்டு விதமாக இருக்கும். குளியலறைச் சுவரில் மாட்டிய பெட்டிக்குள்ளேயே பம்ப் இருந்தால் அது பவர் ஷவர். சுவரில் வெறும் மிக்ஸர் மட்டும் இருந்து, சிலிண்டர் பக்கத்தில் தரையில் பம்ப் உட்கார்ந்திருந்தால் அது தனி பம்ப். இரண்டிலும் சுடுதண்ணீர் சிலிண்டரிலிருந்துதான் வருகிறது.

குழப்பம் வருவது எலக்ட்ரிக் ஷவரால். அதுவும் பார்ப்பதற்கு இதே மாதிரி வெள்ளைப் பெட்டிதான். ஆனால் அதற்குள் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி இருக்கிறது. 7.5 முதல் 10.8 கிலோவாட் வரை மின்சாரம் இழுக்கும், தடித்த ஒயரும் தனி சர்க்யூட்டும் வேண்டும், கூரையிலிருந்து தொங்கும் கயிறு ஸ்விட்ச் இருக்கும். பவர் ஷவர் மோட்டாரை மட்டும் சுற்றுவதால் 3 அல்லது 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட ஒரு சின்ன ஸ்பர் ஸ்விட்சே போதும். பெட்டிக்குள் போகும் குழாய்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் பவர் ஷவர், ஒன்று என்றால் எலக்ட்ரிக். ஒரே குழாய், ஆனால் லாஃப்ட் டேங்கிலிருந்து வருகிறது, உள்ளே பம்பும் இருக்கிறது என்றால் அது பம்ப் வைத்த எலக்ட்ரிக் ஷவர். மிரா எலீட் அந்த வகை. பெட்டியின் வடிவம் பிடித்திருக்கிறது என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிட்டால் சுவரையும் ஒயரையும் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்யச் சுலபமான சோதனை உண்டு. சமையலறை சிங்க் அடியில் மெயின்ஸ், அதாவது தெருவிலிருந்து நேராக வரும் தண்ணீரை அடைக்கும் ஸ்டாப் காக் இருக்கும். அதை மூடுங்கள். சமையலறைக் குளிர்குழாய் நின்றுவிடும். இப்போது ஷவரைக் குளிர்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொடர்ந்து ஓடினால் டேங்க் தண்ணீர். நின்றுவிட்டால் யாரோ ஒரு புண்ணியவான் குளிர்பக்கத்தை மெயின்ஸோடு இணைத்து வைத்திருக்கிறார். அப்படியிருந்தால் மெயின்ஸ் அழுத்தம் சுடுதண்ணீரை அமுக்கிவிடும், மிக்ஸரில் சூடு நிலையாக நிற்காது. முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

மெயின்ஸ் தண்ணீரைத் தேவைப்படும்போது உடனுக்குடன் சுடவைக்கும் காம்பி பாய்லர் உள்ள வீட்டில் டேங்கும் இல்லை, சிலிண்டரும் இல்லை. அங்கே பவர் ஷவருக்கு வேலையே கிடையாது. முன்பு இருந்தவர் காம்பிக்கு மாறியபின் பழைய பெட்டியை அப்படியே சுவரில் விட்டுப் போன வீடுகளும் உண்டு.

ஸ்பானரை எடுக்கும் முன்

ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் ஹோஸில் தண்ணீர் விடுங்கள். நன்றாக வந்தால் பழி தலையின் மேல். லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் கடின நீர்ப் பகுதி. துளைகளில் சுண்ணாம்பு வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்தோ, வெள்ளை வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், குரோம் பூச்சு மங்கிவிடும். ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். வெளியே இரும்புச் சுருள் பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் மடிந்து அடைத்திருக்கும்.

அப்புறம் லாஃப்ட். டார்ச்சோடு ஏறி டேங்க் மூடியைத் தூக்குங்கள். பலகை இல்லாத இடத்தில் மரச்சட்டத்தின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும், தவறினால் கீழே படுக்கையறையில் இருப்பீர்கள். டேங்கில் தண்ணீர் போதுமான அளவு நிற்கிறதா? மிதவை வால்வு ஒட்டிக்கொண்டால் டேங்க் மெதுவாகவே நிரம்பும். ஷவர் ஐந்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தும்மத் தொடங்கினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடியில் செம்மண் மாதிரி கசடு இருந்தால் அது குழாய் வழியே பம்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். டேங்கே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் போல இருந்தால் ஓட்டை போடவோ உடைக்கவோ கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டாக இருக்கலாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத்தடை வந்தது 1999-ல்தான்.

கடைசியாக ஏரிங் கப்போர்டு. சிவப்புச் சக்கரம் வைத்த கேட் வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

ஷவரைத் திறந்தும் பம்ப் மூச்சே விடவில்லை என்றால் முதலில் ஸ்பரில் உள்ள ஃப்யூஸ் போயிருக்கிறதா, ஃப்யூஸ் பாக்ஸில் ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூஸை அதே ஆம்பியரில் மாற்றலாம். மறுபடி போனால் பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்க்கும் வேலை கூடவே கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஆர்.சி.டி. ஸ்விட்ச் விழுகிறது என்றால் பெரும்பாலும் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டது. அந்த பம்பை மறந்துவிடலாம்.

மின்சாரம் இருந்தும் ஓடவில்லை என்றால் ஃப்ளோ ஸ்விட்ச். சாதாரண பம்ப், கொஞ்சமாவது தண்ணீர் தானாக ஓடினால்தான் விழித்துக்கொள்ளும். உள்ளே காந்தம் வைத்த சின்ன மிதவை, தண்ணீர் ஓட்டத்தில் நகர்ந்து மோட்டாரைத் தட்டி எழுப்பும். அதனால் பம்பின் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஷவரைத் திறந்து பாருங்கள். சுடுபக்கம், குளிர்பக்கம் இரண்டிலும் மெல்லிய ஓட்டமாவது வர வேண்டும். வரவில்லை என்றால் அடைப்பையோ காற்றையோ தேடுங்கள், பம்ப் குற்றமற்றது. லாஃப்ட்டையே குளியலறையாக மாற்றிய வீடுகளில் ஷவர் தலை டேங்குக்கு மேலே இருக்கும், தண்ணீர் தானாக வராது. அங்கே அழுத்தம் குறைந்தால் எழும் நெகட்டிவ் ஹெட் வகை பம்ப் இருக்க வேண்டும். இல்லையென்றால் தப்பான பம்ப் மாட்டியிருக்கிறார்கள்.

"ம்ம்ம்" என்ற முனகல் மட்டும், சுழற்சி இல்லை: சுழலி சுண்ணாம்பில் இறுகியிருக்கும், அல்லது கெபாசிட்டர் போயிருக்கும். பம்பின் மின்பெட்டியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.

ராத்திரியில் யாரும் குளிக்காதபோது பம்ப் சில நொடி ஓடி ஓடி நிற்கிறதா? நெகட்டிவ் ஹெட் பம்ப் என்றால் அதற்குப் பின்னால் எங்கோ சொட்டுகிறது. ஷவர் தலை சொட்டினாலே போதும். சொட்டை நிறுத்தினால் பம்பும் நிற்கும். சாதாரண பம்ப் ஷவரை மூடிய பிறகும் ஓடிக்கொண்டேயிருந்தால் மிதவை மேலேயே சிக்கியிருக்கிறது. உடனே ஸ்பரை அணையுங்கள், தண்ணீர் நகராமல் ஓடும் பம்ப் தன்னையே சூடேற்றிக்கொண்டு சாகும்.

பம்புக்கு அடியில் ஈரம் என்றால் தண்டு சீல் தேய்ந்துவிட்டது. சில மாடல்களுக்கு சீல் தனியாகக் கிடைக்கும். பத்து வருஷம் ஆன பம்புக்கு அந்த மெனக்கெடல் தேவையா என்றால், என் பதில் தேவையில்லை.

நிறுத்தி, திறந்து, சுத்தம் செய்ய

ஸ்பர் ஸ்விட்சையும், ஃப்யூஸ் பாக்ஸில் அந்த சர்க்யூட்டையும் சேர்த்தே அணையுங்கள். பாய்லரில் சுடுதண்ணீரையும், சிலிண்டருக்குள் இம்மர்ஷன் ஹீட்டர் (மின்சாரத்தில் சுடவைக்கும் கம்பி) இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பம்பின் நான்கு ஹோஸ்களிலும் வால்வு இருந்தால் பாக்கியம், அவற்றை மூடினால் போதும். இல்லாவிட்டால் டேங்கிலிருந்து வரும் கேட் வால்வுகள் இரண்டையும் மூட வேண்டும். ஒன்று ஷவருக்கான குளிர்குழாயில், மற்றது சிலிண்டருக்குத் தண்ணீர் தரும் குழாயில். சுடுதண்ணீரை நிறுத்த சிலிண்டரைக் காலி செய்ய வேண்டியதில்லை. கீழிருந்து குளிர்தண்ணீர் தள்ளினால்தான் மேலிருந்து சுடுதண்ணீர் வெளியேறும். தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பாத் டப்பின் சுடுகுழாயைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஓட்டம் அடங்கிவிடும். குழாய் நின்றுவிட்டதை உறுதி செய்த பிறகே எதையும் கழற்றுங்கள்.

பழைய கேட் வால்வு இறுகியிருந்தால் முறுக்கி உடைக்காதீர்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிப் பாருங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் உள்ளே தண்டு முறிந்திருக்கிறது. அப்போது மிதவைக் கையைக் குறுக்கே ஒரு கட்டையில் கட்டி டேங்க் நிரம்புவதை நிறுத்திவிட்டு, டேங்கையே காலி செய்ய வேண்டியதுதான்.

நின்றதும், பம்புக்குள் தண்ணீர் நுழையும் பக்கத்து ஹோஸ்களைக் கழற்றுங்கள். கீழே துண்டும் தட்டும் வையுங்கள், கொஞ்சம் கொட்டும். பெரும்பாலான பம்ப்களில் நுழைவாயிலில் சல்லடை ஃபில்டர் இருக்கும். அதில் டேங்க் கசடு, செம்புத் துணுக்கு, சுண்ணாம்புச் செதில் எல்லாம் குடியிருக்கும். கழுவிப் போடுங்கள். வெளியேறும் பக்கத்தில் ஃப்ளோ ஸ்விட்ச் மிதவை எட்டும் தூரத்தில் இருந்தால் விரலால் நகர்த்திப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். சுவர் மிக்ஸரிலும் நுழைவாயில்களில் சின்ன சல்லடைகள் உண்டு. சூடு மட்டும் ஏறி இறங்குகிறது, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றால் மிக்ஸரின் தெர்மோஸ்டாட்டிக் காட்ரிட்ஜ் சுண்ணாம்பில் பிடித்திருக்கிறது. மாடல் எண்ணைப் பார்த்து அதே காட்ரிட்ஜ் வாங்கி மாற்றலாம். பம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காற்று என்னும் எமன்

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு பம்ப் என்று மாற்றிக்கொண்டேயிருக்கும் வீடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரிந்து சிலிண்டரின் உச்சிக்கு ஏறும். சுடுதண்ணீர்க் குழாயும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதில் அப்படியே கிளை எடுத்து பம்புக்குக் கொடுத்தால் பம்ப் காற்றையும் சேர்த்தே விழுங்கும். சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது. காற்று வந்தால் வறண்டு கருகும்.

இதற்குத் தீர்வு ஃபிளாஞ்ச். சிலிண்டரின் உச்சியில் மாட்டும் சர்ரே ஃபிளாஞ்சில் ஒரு குழாய் உள்ளே கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கும், பம்ப் அதன் வழியாகக் காற்றில்லாத தண்ணீரை எடுத்துக்கொள்ளும். காற்று தன் வழக்கமான வழியில் மேலே போய்விடும். எசெக்ஸ் ஃபிளாஞ்ச் சிலிண்டரின் பக்கவாட்டில் துளை போட்டு மாட்டுவது. பழைய மெல்லிய செம்பில் துளை போடுவது புதியவர்கள் செய்யும் வேலை இல்லை, சர்ரேவே மேல்.

சூட்டையும் கவனியுங்கள். பெரும்பாலான பம்ப்கள் 65 டிகிரிக்கு மேல் தாங்காது, சூடு கூடக் கூடக் காற்றும் அதிகம் பிரியும். ஆனால் லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க சிலிண்டரில் 60 டிகிரி வேண்டும். எனவே தெர்மோஸ்டாட் 60-ல் இருக்கட்டும்.

மாற்றுவது என்று முடிவானால்

வாங்கும் முன் பழையதை அளந்துகொள்ளுங்கள். தனி பம்ப் என்றால் அழுத்தம் எத்தனை பார், சாதாரணமா நெகட்டிவ் ஹெட்டா, சுடுதண்ணீருக்கும் குளிர்தண்ணீருக்கும் சேர்த்துத் தள்ளும் இரட்டை வகையா என்பது முக்கியம். பவர் ஷவர் என்றால் குழாய்கள் மேலிருந்தா, கீழிருந்தா, சுவருக்குள்ளிருந்தா எந்தப் பக்கம் நுழைகின்றன என்று பாருங்கள். ட்ரைட்டன், மிரா இரண்டும் இன்னமும் பவர் ஷவர் விற்கின்றன. குழாய் நுழையும் இடம் ஒத்துவந்தால் டைலை உடைக்காமல் தப்பிக்கலாம்.

கடையில் 3 பார் பம்பைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பொறுங்கள், கணக்குப் போடுவோம். பெரிய மழை ஷவர் தலையோடு 3 பார் பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரில் 60 டிகிரி, டேங்கில் 10 டிகிரி இருந்தால், 40 டிகிரியில் குளிக்க அந்த 20-ல் 12 லிட்டர் சுடுதண்ணீர் போகும். 120 லிட்டர் சிலிண்டர் கணக்குப்படி 10 நிமிடத்தில் தீர்ந்தது. நடைமுறையில் இன்னும் சீக்கிரம். காலையில் நான்கு பேர் குளிக்கும் வீட்டில் இது சண்டைக்கு வழி. சாதாரண ஷவர் தலைக்கு ஒன்றரை அல்லது 2 பார் தாராளம் என்பது என் கருத்து. டேங்கும் சிறியதாக இருந்தால் சிக்கல்தான். பம்ப் தயாரிப்பாளர்கள் பலரும் சுமார் 225 லிட்டர் கேட்கிறார்கள்.

"டேங்க் எதற்கு, மெயின்ஸ் தண்ணீரிலேயே பம்பை வைத்துவிடலாமே" என்று ஒருவர் யோசனை சொல்வார். செய்யாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999-ம் ஆண்டுத் தண்ணீர்ப் பொருத்து விதிகளின்படி, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் மெயின்ஸிலிருந்து இழுக்கும் பம்புக்கு முன்கூட்டியே தண்ணீர் நிறுவனத்துக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும். பாய்லரையும் சீக்கிரம் மாற்றப்போகிறீர்கள் என்றால் பம்புக்குச் செலவே செய்யாமல் காத்திருங்கள். காம்பி வந்தாலோ, மெயின்ஸ் அழுத்தத்தில் இயங்கும் சிலிண்டர் வந்தாலோ சாதாரண தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸரே போதும். அந்த வகைச் சிலிண்டரை அதற்கான தகுதிச் சான்று உள்ளவர்தான் பொருத்த வேண்டும்.

பம்ப் மாற்றும் வேலை இப்படிப் போகும். பழையதைக் கழற்றியதும், ஹோஸ்களை வாளிக்குள் விட்டு வால்வைத் திறந்து ஒவ்வொரு குழாயையும் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். கசடு வாளிக்குப் போகட்டும், புது பம்புக்கு வேண்டாம். பம்பை சிலிண்டரின் அடிப்பக்கமாக, தரையில் வையுங்கள். பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோதா. ரப்பர் கால்களோடு அப்படியே உட்கார வேண்டும், பலகையோடு திருகிவிட்டால் வீடே முழங்கும். கூடவே வரும் வளையும் ஹோஸ்களைத்தான் பயன்படுத்த வேண்டும். பற்றவைக்க வேண்டிய இணைப்பு இருந்தால் தள்ளிவைத்து முடித்துவிட்டுக் கழுவிக்கொண்டு வாருங்கள், ஃப்ளக்ஸும் பேஸ்ட்டும் சீலுக்கு ஆகாது. வால்வு புதிதாகப் போடுவதாக இருந்தால் முழுத்துவாரம் உள்ள நெம்புகோல் வகை போடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சின்ன வால்வுகள் பல ஓட்டத்தைக் குறுக்கிவிடும்.

இணைத்ததும் மின்சாரத்தைப் போட்டுவிடாதீர்கள். முதலில் வால்வுகளைத் திறந்து, ஷவர் ஹோஸைத் தாழ்த்திப் பிடித்து, பம்பின் வழியாகத் தண்ணீர் தானாக ஓடவிடுங்கள். சுடுபக்கம் தனியாக, குளிர்பக்கம் தனியாக, குமிழ் நிற்கும்வரை. நெகட்டிவ் ஹெட் பம்ப் என்றால் கையேட்டில் உள்ளபடி தண்ணீர் நிரப்ப வேண்டும். வறண்ட நிலையில் சில நொடி ஓடினாலும் சீல் கெடும், உத்தரவாதமும் போகும். பிறகு ஸ்பரைப் போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காகிதத் துண்டால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும். கடைசியில் மிக்ஸரின் சூடு வரம்பைச் சரிபார்க்க வேண்டும், குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் கட்டாயம்.

மின்சாரப் பக்கம்: இருக்கும் இடத்திலேயே அதே வகையை மாற்றுவதற்கு இங்கிலாந்தில் அறிவிப்பு தேவையில்லை. புதிய சர்க்யூட் இழுப்பதும், ஷவரை ஒட்டிய பகுதியில் ஒயரிங்கை மாற்றுவதும் கட்டட விதிகளின் வீட்டு மின்வேலைகளுக்கான பார்ட் பி-யில் (ஆங்கில P) வரும். அதற்கு என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, முடிந்ததும் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வீட்டை விற்கும்போது கேட்பார்கள். அறிவிப்பு தேவையில்லாத வேலையிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம் கழித்து ஃபில்டரை ஒருமுறை திறந்து பாருங்கள், பழைய குழாய்களில் கிளம்பிய கசடு அதில் நிற்கும். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை போதும். அப்போதே கேட் வால்வுகளையும் மூடித் திறந்து, முழுக்கத் திறந்தபின் அரைச் சுற்று பின்னால் திருப்பி விட்டால் இறுகாது. பழைய பம்பைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் சிறிய மின்சாதனங்களுக்கான தொட்டி இருக்கும், அதில் போடுங்கள்.